பின்னின் இரு முனைகள்

ஒருவனை வாட்டும் கேள்விக்குப் பதில் எதிர்வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தால், அதைத் திறந்து பார்க்க எத்தனை வருடம் பிடிக்கும்? க்ளெம் பாஸ்கோ முப்பத்தோரு வருடம் திறக்கவில்லை.

மூண்டா என்ற எங்கள் கடலோரச் சிற்றூரில் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எஞ்சின் வேலைக்கு அவனிடம்தான் போவார்கள். பிஸ்டனைத் தாங்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டு நழுவாமலிருக்க இரு முனையிலும் நகக்கண் அளவில் கம்பி லாக் உண்டு. இரண்டையும் மாட்டியதும் பக்கத்தில் யார் இருந்தாலும் கூப்பிடுவான். விரலால் தொட்டு “ஒண்ணு, ரெண்டு” என்று அவர் உரக்கச் சொன்ன பிறகுதான் சிலிண்டரை இறக்கி மூடுவான்.

“இவனுக்கு ஏன் கல்யாணம் ஆகல தெரியுமா? மோதிரம் ஏறிடுச்சான்னு பாதிரியாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னானாம்,” என்று கிளப்பில் கேலி செய்வோம். அவனும் சிரிப்பான்.

காரணம் அவன் நண்பனான எனக்கு மட்டும் தெரியும். 1961இல் தம்பி வில்ஃபின் எஞ்சினை அவன்தான் பூட்டினான். மறுநாள் மெய்ட்லண்ட் சாலையில் வில்ஃப் வண்டியிலிருந்து விழுந்து செத்தான். கங்காரு குறுக்கே வந்திருக்கும் என்றது ஊர். அடக்கம் முடிந்து வந்த க்ளெமின் வேலை உடுப்புப் பையில் ஒரு லாக் கிடந்தது. கழற்றிய பழையதா, மாட்ட மறந்த புதியதா? மறந்திருந்தால் பின் நழுவிச் சிலிண்டரைக் கிழித்து, ஓட்டத்திலேயே எஞ்சின் இறுகி அவனைத் தூக்கி எறிந்திருக்கும். அந்த லாக் அன்றிலிருந்து அவன் சட்டைப் பையில். வண்டி, எதிர்வீட்டில் வில்ஃபின் மனைவி ஈனிட்டின் கொட்டகையில்.

முப்பத்தோரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை ஈனிட் பட்டறைக்கு வந்தாள்.

“ஊர் வண்டியெல்லாம் பூட்டுற. எங்க வீட்டு வண்டின்னா மட்டும் கை வலிக்குதா, க்ளெம்?”

“துரு ஏறிப்போச்சு, ஈனிட்.”

“எனக்கும்தான் ஏறிப்போச்சு. சாகறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்.”

எஞ்சினைப் பலகையில் ஏற்றியதும் அவன் பின்வாங்கினான். “நீ கழட்டு, லெஸ். நான் வெளியே நிக்கிறேன்.”

“பார்த்ததைச் சொல்லவா?”

“நான் கேட்டா சொல்லு.”

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் எளிதில் கழன்று வந்துவிட்டது. சிலிண்டர் இரண்டு நாள் டீசலில் ஊறி, மரச்சுத்தியல் தட்டிய பிறகே அசைந்தது. உள்ளே துரு இருந்தது, கீறல் இல்லை. பின்னின் இரு முனைகளிலும் லாக் இருந்தது. இரண்டையும் தொட்டேன். கழற்றி ஒரு புகையிலை டப்பாவில் போட்டு மூடினேன்.

க்ளெம் உள்ளே வந்து, மூடியிருந்த டப்பாவை ஒருமுறை பார்த்தான்.

“க்ளெம்...”

“கேஸ்கெட் எங்கே வெச்ச?”

எதுவும் உள்ளே விழாமலிருக்க எஞ்சின் வாயில் துணி அடைத்தான். புதுப் பிஸ்டன், புது லாக்குகள். “தொடு,” என்றான். “ஒண்ணு, ரெண்டு,” என்றேன். அவன் சிலிண்டரை இறக்கி, ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினான்.

எஞ்சினைத் திரும்ப ஏற்றியதும் வண்டி மூன்றாம் உதையில் பிடித்தது. ஈனிட் வாயைப் பொத்திக்கொண்டாள். க்ளெம் வண்டியைப் பார்க்கவில்லை. யாரோ வரப்போவதுபோல் சாலையைப் பார்த்தபடி நின்றான்.

அன்று மாலை அந்தப் புகையிலை டப்பாவை எடுத்துக்கொண்டு என்னையும் படகுத்துறைக்கு அழைத்துப் போனான். நுனிவரை நடந்தோம். பதில் என் வாய்வரை வந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டப்பாவைத் திறக்காமலே கடலில் போட்டான். சட்டைப் பையில் இருந்த லாக்கை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான்.