வலது தோளில் கொஞ்சம் பஞ்சு

குதிரையேற்றப் பள்ளியில் அவளை எல்லோரும் ‘நிமிர் டீச்சர்’ என்பார்கள். மணல் கொட்டிய திடலின் நடுவில் நின்றுகொண்டு, குதிரை மேல் இருப்பவர்களைப் பார்த்து அவள் ஓயாமல் கத்துவது அந்த ஒரு வார்த்தையைத்தான். ஏறியிருப்பவர் நீதிபதியாகவே இருந்தாலும் ‘நிமிர்’தான். ‘நிமிருங்க’ என்று மரியாதை சேர்ப்பதற்குள் குதிரை பாதித் திடலைக் கடந்துவிடும் என்பது அவள் கட்சி.

அவள் மட்டுமே ஏறும் குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர். தீனி கொஞ்சம் தாமதமானாலும் சுவர்ப்பக்கம் திரும்பி முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் வந்த பெயர். வயதான குதிரைதான், ஆனால் பள்ளியிலேயே அழகான நடை அதனுடையது. தினமும் பாடம் தொடங்குமுன் அதில் ஏறி ஒரு சுற்று வந்து, திடலோரத்து ஆளுயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைத் திட்ட அவளுக்கு வாய் வரும்.

அந்த மாப்பிள்ளைக்குத்தான் நடை கெட்டுப்போயிற்று. வலது பக்கம் திரும்பும்போது பின்னங்கால் மணலைக் கீறிக்கொண்டு வரும். ஓடும்போது தடுமாறும். ஒருநாள் மோசம், மறுநாள் தேவலை. சேணத்தை இறக்கிவிட்டு நீளக் கயிற்றில் ஓடவிட்டால் கன்றுக்குட்டி மாதிரி ஓடும்.

டீச்சர் யாரையும் விட்டுவைக்கவில்லை. முதலில் லாடக்காரர் மாட்டிக்கொண்டார். நாலு லாடத்தையும் கழற்றி அடித்தார், பலனில்லை. அடுத்து சேணம் தைப்பவர் வந்து, சேணத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தடவிப் பார்த்தார்.

“வலது பக்கப் பஞ்சு மட்டும் அமுங்கிக் கெடக்கு டீச்சர். இடது பக்கம் புதுசாட்டம் இருக்கு.”

“மட்டமான பஞ்சை வச்சா அமுங்காம என்ன செய்யும்?” என்று அவரையும் ஒரு பிடி பிடித்தாள். அவர் புதுப் பஞ்சு அடைத்துக் கொடுத்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று போய்விட்டார். புதுப் பஞ்சும் வலது பக்கமே அமுங்கியது.

பள்ளி முதலாளி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், “டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். சரியாகலைன்னா வயசான குதிரைங்களோட பண்ணைக்கு அனுப்பிடலாம். பாவம், அங்க மேஞ்சுகிட்டு இருக்கட்டும்” என்றார். பண்ணை வெகு தூரம். அனுப்பினால் அதன் முகத்தில் விழிப்பது அவ்வளவுதான். டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குதிரை டாக்டர் வந்தார். அதிகம் பேசாத இளைஞர். மாப்பிள்ளையைக் கயிற்றில் ஓடவிட்டுப் பார்த்தார், குறையே இல்லை. டீச்சரை ஏறச் சொன்னார், கால் இழுத்தது.

“வேற யாராவது ஏறட்டுமே டீச்சர்.”

“என்னைத் தவிர யாரு ஏறினாலும் அதுக்குப் பிடிக்காது.”

“பிடிக்காட்டிப் பரவாயில்ல.”

அந்த நேரத்தில் திடலில் இருந்தது ஒரே ஒரு மாணவர்தான். வங்கியில் காசாளர், நல்ல தொப்பை. குதிரை மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி உட்காருவார் என்று டீச்சரே அவருக்கு ‘மூட்டை’ என்று பெயர் வைத்திருந்தாள். மூட்டை பயந்துகொண்டே ஏறினார். மாப்பிள்ளை வலது பக்கம் திரும்பியது. கால் இழுக்கவில்லை, தடுமாறவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ ஊர்வலத்தில் போவதுபோல ஜம்மென்று போயிற்று.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

“அவர் கோணல் அப்படி. குதிரையோட கோணலுக்கு அது சரியாப் பொருந்திப்போச்சு” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “குதிரைக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஏறி உக்காந்தா உங்க பாரம் பூரா வலது பக்கமே இறங்குது. இடுப்பை ஒருதடவை காட்டிடுங்க. முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே பேசிக்கிறேன்” என்று, போட்டிருந்த சவாரிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் டாக்டரைத் திட்டினாள். நேற்று முளைத்தவன் இடுப்பைப் பற்றிப் பேசுகிறான். கண்ணாடி பொய் சொல்லுமா?

அவள் கணவர் தையல்காரர். வாசல் அறையில் அவளுக்கான புதுக் கோட்டை மெஷினில் வைத்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, “நான் கோணலா உக்கார்றேனாம். கேட்டீங்களா கதையை?” என்றாள்.

மெஷின் நின்றது. அவர் தலை நிமிரவில்லை. அவர் கையில் பஞ்சு இருந்தது. இடது தோளுக்கு ஒரு அடுக்கு ஏற்கெனவே வைத்துத் தைத்தாகிவிட்டது. வலது தோளுக்கு மூன்று அடுக்கு காத்திருந்தது.

“அது எதுக்கு இவ்வளவு?”

“அந்தத் தோள் கொஞ்சம் எறங்கிப்போச்சு. இடுப்பு சாஞ்சா தோளும் சாயுமில்ல. நீ கண்ணாடியில பாத்தா மனசு கஷ்டப்படுவேன்னு...”

“எத்தனை கோட்டு?”

“இதோட மூணு.” பிறகு தயங்கி, “காலைல கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே எந்திரிக்கிற. உனக்கும் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

கட்டில் தாழ்வாக இருக்கிறது என்று அதன் கால்களுக்குக் கட்டை வைக்கச் சொன்னவள் அவள். இப்போது அதில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்தப் பிராணி பேசத் தெரியாமல் வலியைத் தாங்கியிருக்கிறது, அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டே ஊரில் உள்ளவர்களையெல்லாம் குற்றம் சொல்லியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. அவரையும் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் மூன்று கோட்டும் ஆசையாகத் தைத்தவை.

மறுநாள் முதலாளி அறைக்குப் போகும்போது அவள் மனதில் ஒரு குறுக்குவழி இருக்கத்தான் செய்தது. ‘வயசாகிடுச்சு, அனுப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். டாக்டர்கூடப் பாவம் பார்த்துப் பேசாமல் இருக்கலாம்.

“என்ன டீச்சர், அதுக்கு வயசாயிடுச்சா?” என்று முதலாளியே எடுத்துக் கொடுத்தார்.

“அதுக்கு இல்லீங்க” என்றாள். “எனக்கு. இனிமே நான் ஏறமாட்டேன். கீழ நின்னு சொல்லிக் கொடுக்கிறேன். அது இங்கேயே இருக்கட்டும்.”

அன்று மாலை கணவரிடம் கோட்டைக் கொடுத்து, “பிரிச்சுடுங்க. ரெண்டு தோளுக்கும் ஒரே பஞ்சு போதும்” என்றாள். அவர் கத்தரியை எடுத்தார்.

அந்தக் கோட்டோடு அவள் திடலில் நின்றபோது கண்ணாடியில் வலது தோள் நன்றாகவே இறங்கித் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றாள். மூட்டை மாப்பிள்ளை மேல் ஏறி வந்தார். டீச்சர் பழக்கத்தில் கத்த வாயெடுத்தாள். ஆனால் அந்த மனுஷன் முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். வார்த்தை வாயிலேயே நின்றது. அவளே இடுப்பில் கையை ஊன்றி, முடிந்தமட்டும் நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளை அவளைத் தாண்டி வலது பக்கம் திரும்பி, ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.