பிணைக்குக் கடிதம் கொடுத்த யோகமலர் மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை நெல்லைக் காயப் பரவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவுப் பிள்ளையின் தாய் வேலியோரம் வந்து, "அம்மா, எங்கட ஜீ.எஸ். மிஸ் போயிட்டாவாம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வருவார் என்றுதான் இருந்தோம். இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதோம்.

எங்கள் ஜீ.எஸ்., கிராம அலுவலர் யோகமலர் மிஸ்ஸைப் பற்றி இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுத, நன்றாகப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவரைச் சனத்துக்கு முன்னால் ஏசியவள் நான். அதனால் நானும் எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊரவன் ஒருவன் கெடுதல் செய்தான். பிள்ளையின் பெயரையும் நடந்ததையும் எழுதமாட்டேன். அவனைப் பொலிஸ் பிடித்து மறியல் சிறையில் வைத்தார்கள். பிணை நிற்க அவனுடைய தமையன் முன்வந்தான். தமையன் இந்த ஊரில்தான் இருக்கிறான் என்று ஜீ.எஸ். கடிதம் கொடுக்க வேண்டும். மிஸ் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவர் வேலை செய்யும் கந்தோருக்குப் போய்க் கத்தினேன்.

"நீரும் ஒரு பொம்பிளையே? அவனுக்குக் கடிதம் குடுக்கக் கை கூசேல்லையே?"

மிஸ் கதிரையைக் காட்டினார். "இருங்கோ அம்மா. தமையன் இங்க இருக்கிறது உண்மை. அதை எழுதாமல் விடேலாது. மிச்ச உண்மையையும் எழுதித்தான் குடுத்தனான்."

பிணையில் வந்தால் அவன் தங்கப்போகும் தமையனின் வீடு, பிள்ளையின் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. பிள்ளை பள்ளிக்கூடம் போவது அந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டித்தான். மிஸ் வெயிலில் அந்த வழியை நடந்து பார்த்து, அதே கடிதத்தில் எழுதியிருந்தார்.

நீதவான் அதை வாசித்துவிட்டுத்தான் பிணை கொடுத்தார். அவன் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது, ஓமந்தையில் சின்னம்மா வீட்டில் இருக்க வேண்டும், ஞாயிறுதோறும் பொலிசில் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு அதுவும் ஆறவில்லை. கோட்டிலிருந்து மிஸ்ஸோடு திரும்பி வரும் பஸ்ஸில், "வெளியில விட்டாச்சு, இனி என்ன வழக்கு" என்றேன்.

"பிணை விடுதலை இல்லை அம்மா. தண்டனை தீர்ப்போடதான் வரும். வெளியில விட்டால் ஓடுவானோ, சாட்சியை வெருட்டுவானோ, பிள்ளைக்கு ஆபத்தோ எண்டுதான் இப்ப பாக்கிறது. எங்கட ஒழுங்கையில நடக்கிறது நீதவானுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள்தான் சொல்லோணும்."

பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில், தண்ணீர்ப்பந்தலடியில் அவன் நிற்பதைக் கண்டேன். பிள்ளையும் கண்டாள். அடுத்த நாளிலிருந்து அவள் வீட்டுப் படி இறங்கவில்லை. மிஸ்ஸிடம் ஓடினேன். கண்டதை எழுதித் தரச் சொன்னார்.

"என்ர பேரன் கம்பஸில படிக்கிறான். முத்து முத்தாய் எழுதுவான். கூப்பிடட்டே?"

"பேரன் கண்டவரோ?"

"அவன் யாழ்ப்பாணத்தில எல்லோ நிக்கிறான்."

"அப்ப கண்ட ஆள் எழுதுங்கோ. எழுத்துப் பிழைக்கு உங்களை ஒருத்தரும் மறியல்ல போடாயினம்."

அரைப் பக்கம் எழுத ஒரு மத்தியானம் போனது. மிஸ் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பொலிசுக்கு என்னோடு வந்தார். அந்தக் கடிதத்தை நீதிமன்றத்தில் வாசித்தார்கள், பிணை ரத்தானது. பேரனுக்கு ஃபோன் எடுத்து, "உன்ர அம்மம்மா எழுதினது கோட்டில வாசிச்சவங்கள்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு தமையன் வீட்டார் மிஸ்ஸோடு கதைக்கவில்லை. ஆனால் வெள்ள நிவாரணப் படிவத்தோடு அவர்கள் வந்தபோது, மிஸ் மற்றவர்களைப் போலவே அவர்களையும் இருத்தி, கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

மிஸ்ஸின் செத்தவீட்டால் நான் திரும்பி வந்த அன்று பிள்ளை என்னிடம் வந்தாள். வழக்கு முடியவில்லை. அடுத்த தவணையில் அவன் மறுபடி பிணை கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மம்மா, மிஸ் இல்லையெண்டால் அங்க ஆர் சொல்லுவினம்?"

கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. பிடிக்காதவனைப் பற்றியும் பொய் சொல்லாமல் இருப்பது. மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இவ்வளவுதான்.

"நான் சொல்லுவன்" என்றேன். பிள்ளை நம்பினாளோ தெரியாது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவணையன்று விடிய, முதல் பஸ்ஸிலேயே கோட்டுக்குப் போகப்போகிறேன். மிஸ் வரமாட்டார் என்பதுதான் இன்னும் மனதில் ஏறவில்லை.