மின்னரசிக்கு ஒரு 'ஆர்'

கண்டரமாணிக்கத்தில் பிறந்த பொன்னுத்தாயி, சிவகங்கையில் ஒரு சர்க்கார் ஆபீசில் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சர். 'அவர்கள்' என்ற சொல்லைப் பல்லாயிரம் தடவை அடித்ததே நாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டு. அதிகாரி அவர்கள் வந்தார்கள், அதிகாரி அவர்கள் பார்வையிட்டார்கள், அதிகாரி அவர்களுக்கு வயிறு சரியில்லாததால் பார்வையிடவில்லை. அந்த 'அவர்கள்' அத்தனை பேரும் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டது 'ஏ டைப்பு' என்று.

உள்ளே கிடந்து கொதித்த கோபம் 1971இல் ஒரு நாவலாக வெளியே வந்தது. ஏழு மேகங்களையும் விழுங்கிவிட்டான் கார்விழுங்கி என்னும் அசுரன். இந்திரனின் வச்சிராயுதம் பாறையில் பட்டுத் தெறித்த பொறியில் பிறந்த மின்னரசி, அவன் வயிற்றைக் கிழித்து மழையை மீட்க யாளி மேல் ஏறிப் போகிறார். 'போகிறார்' என்றுதான் பொன்னுத்தாயி எழுதினார். மின்னரசி வந்தார், வெட்டினார், வென்றார். அசுரன் வந்தான், அலறினான், செத்தான்.

காரைக்குடியில் அச்சகம் வைத்திருந்த குருநாதன் நாவலைப் போட ஒப்புக்கொண்டான். பிழை பார்க்க புரூஃப் வந்தது. முதல் பக்கத்தில் மின்னரசி வந்தாள். இரண்டாம் பக்கத்தில் வெட்டினாள். பொன்னுத்தாயி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

"வாங்க தாயி. காப்பி சொல்லவா?" என்றான் குருநாதன்.

"'வந்தார்'னு எழுதுனதை 'வந்தாள்'னு மாத்துனது யாரு?"

"அதுவா! அச்சுக் கோக்க ஈய எழுத்துல 'ர்' பத்தலை தாயி. உங்க கதையில அந்தம்மா சும்மா இருந்தாத்தானே? பக்கத்துக்கு நாப்பது வாட்டி எதையாச்சும் வெட்டுது. அம்புட்டு 'ர்'ருக்கு நான் எங்குட்டுப் போவேன்?"

பொன்னுத்தாயி புரூஃபைப் புரட்டினார். 'கார்விழுங்கி சிரித்தார்' என்றிருந்தது. அடுத்த வரியில் ஏப்பமும் விட்டார்.

"அசுரனுக்கு மட்டும் 'ர்' எங்குட்டிருந்து வந்துச்சு?"

குருநாதன் தலையைச் சொறிந்தான். "அவரு ராஜா தாயி. அதுபோக, பதினோராம் அத்தியாயத்துல சிவபூசை பண்றாருல்ல? அப்பேர்ப்பட்ட பெரிய மனுசரைப் போயி வந்தான் போனான்னு..."

"ஊரு மழையைப் பூராம் முழுங்குனவன் பெரிய மனுசனா?"

"கோவிக்காதீக. பொம்பளைக்கு 'வந்தார்'னு போட்டா, படிக்கிறவுக ஆம்பளைன்னு நெனச்சுப்புடுவாக."

"மின்னரசி நேர்ல வந்து நின்னா 'வந்தாள்'னு சொல்லுவீகளா?"

"நேர்ல வந்தா துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிப்பேன். கதையிலதானே வருது!"

பொன்னுத்தாயியின் முகம் சிவந்ததைக் கண்டு குருநாதன் சமரசத்துக்கு இறங்கினான். "ஒண்ணு செய்வோம். கடைசி அத்தியாயத்துல அந்தம்மாளைச் சாகடிச்சிருங்க. செத்தவுகளுக்கு 'ஆர்' போட்டா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக."

பொன்னுத்தாயி எழுந்தார். மேசையில் கிடந்த கைப்பிரதியை எடுத்துப் பையில் திணித்தார்.

"தாயி, இதை வேற எவன் போடுவான்?"

"எவனும் போட வேணாம்."

பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது. ஐந்து கார்பன் தாள்களைச் செருகி, ஒரே அடியில் ஆறு படிகள். ஒன்பது மாதம் அடித்தார். அடித்த வேகத்தில் முற்றுப்புள்ளி ஒவ்வொன்றும் தாளில் ஓட்டை போட்டது. எல்லாப் பக்கத்திலும் மின்னரசி வந்தார்.

ஐந்து படிகள் பள்ளத்தூர் வரைக்கும் பெண்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. எழுத்து மங்கிப்போன ஆறாவது படியைப் பொன்னுத்தாயி காரைக்குடிக்குத் தபாலில் அனுப்பினார். கடைசித் தாளின் அடியில், ஆபீஸ் வழக்கப்படி ஒரு வரி அடித்திருந்தது:

'நகல்: குருநாதன், காரைக்குடி. தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.'