மைக்கறைக்கு வழி தேடியவள்

காது மிஷின் பொருத்தும் அந்தக் கிளினிக்கில் பதினோரு வருடமாக முன்மேசையில் இருந்தவள் அவள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது, மீதிப் பேர் கேட்காத மாதிரி நடிப்பார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கத்தாமல், உதடு தெரியும்படி நிதானமாகப் பேசி அவர்களுக்குப் புரியவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

உள்ளறையில் காதுக்கு அச்சு எடுப்பவரை எல்லோரும் அச்சு அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். காதுக்குள் பசையை விட்டு, இறுகியதும் எடுத்து, அந்த அளவுக்கு மிஷினின் காதுப்பகுதியைச் செய்வார். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு முன்மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுவார்.

“ஏம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ. மேட்ச் ஸ்கோர் பாத்துட்டுப் போயிடறேன், ரெண்டே நிமிஷம்.”

அந்த ரெண்டு நிமிஷம் இருபதாகும்.

ஒரு திங்கட்கிழமை காலை கூட்டமே இல்லை. மகளின் வெள்ளைச் சட்டையில் பேனா மை கொட்டியிருந்தது; அதைப் போக்க வழி உண்டா என்று கம்ப்யூட்டரில் தேடினாள். வீட்டுக் குறிப்புகள் போடும் சாதாரணப் பக்கம்தான் வந்தது. பாதி படிக்கையில் குறுக்கே ஒரு பெட்டி முளைத்தது. உங்கள் பிரவுசர் பழையது, உடனே புதுப்பிக்கவும் என்றது. ‘இது வேறயா’ என்று அழுத்தினாள். ஏதோ இறங்கியது. திறக்கவா என்று கேட்டது. அதற்கும் சரி என்றாள். அதற்குள் வாசலில் ஆள் வரவே, அதை அப்படியே மறந்துபோனாள்.

புதன்கிழமை காலை ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு எந்த ஒலியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பலமுறை வரவழைத்துச் சரிசெய்த அளவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நகல் இருந்த டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே கிடந்ததால், அதுவும் போயிற்று.

ரிப்பேர் பார்க்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். “யாராச்சும் நெட்ல எதையாவது தொறந்தீங்களா? தப்பான சைட்டுக்குப் போனாத்தான் வைரஸ் வரும்னு இல்லைங்க. நல்ல பக்கத்துக்குள்ளயே எவனாவது புகுந்து பெட்டி ஒண்ணு வெச்சிருப்பான். புதுப்பிக்கச் சொல்லும், அமுக்குவீங்க. கதை முடிஞ்சுது.”

திங்கட்கிழமை வந்த பெட்டி அவளுக்கு நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கப் போனவளை அச்சு அண்ணன் முந்திக்கொண்டார்.

“நான்தான் டாக்டரம்மா. டெய்லி மேட்ச் ஸ்கோர் பாப்பேன். நேத்து ஏதோ விளம்பரத்த மூடறேன்னு எங்கயோ தட்டித் தொலச்சேன்.”

கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மா சத்தம் போடவில்லை. “என்னண்ணே நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரிப்பேர்காரர் கிளம்பட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, சாயங்காலம் சொல்லலாம் என்று. பிறகு, நாளைக்கு. அவர்தான் ஒத்துக்கொண்டாரே, அவர் தட்டியதிலும் வந்திருக்கலாமே என்று மனம் சப்பைக்கட்டு கட்டியது. ரிப்பேர்காரர் சொன்ன பெட்டியைப் பார்த்தவள் தான்தான் என்பதும் அதே மனதுக்குத் தெரிந்திருந்தது.

அளவுகளை மறுபடி பதிய எல்லோரையும் திரும்ப வரவழைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. போன் செய்யும் வேலையை அச்சு அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். காது கேட்காதவர்களுக்குப் போன்! பேரனோ மருமகளோ எடுக்கும்வரை விடாமல் அடித்து, “தப்பு என் மேலதாங்க, சிரமம் பாக்காம ஒருநடை வாங்க” என்பார். விடுமுறை நாளிலும் வந்தார். மதியம் உள்ளறையிலேயே சாப்பிட்டார். மூன்று வாரம் அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில், வெளுத்துக் காய்ந்த அந்தச் சட்டையை மடிக்கவே கை கூசியது.

ஒருநாள் பாட்டு டீச்சர் ஒருவர் வந்தார். பழுதான மிஷினுக்குப் பதில் புதிது வாங்கியிருந்தார். நான்கு மாதம் உட்கார்ந்து சரிசெய்த பழைய அளவு இல்லாததால், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

“பிள்ளைங்க பாடறது தகரத்தத் தட்டற மாதிரி கேக்குது. யாரு பண்ண வேல இது?”

அச்சு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தாம்மா” என்றார்.

டீச்சர் படியிறங்கும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. அச்சு அண்ணனை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணே, நீங்க இல்ல. நான். சட்டைக் கறை போகத் தேடுனேன். பிரவுசர் பழசுன்னு பெட்டி வந்துச்சு. அமுக்குனேன்.”

அவர் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“அன்னைக்கே.”

“மூணு வாரம்” என்றார். “மூணு வாரமா வீட்டுல யாருகிட்டயும் முகங்குடுத்துப் பேசலம்மா நான். வேலைய விட்டுடலாமான்னு கூட நெனச்சேன்.”

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

“அத யாரு வேணா அமுக்கியிருப்பாங்க” என்றார் டாக்டரம்மா. “அவரு தலகுனிஞ்சு நின்னப்ப நீ சும்மா இருந்தியே, அதத்தான் தாங்க முடியல.” வேலை போகவில்லை. நெட்டுக்கென்று ஓரத்தில் தனிக் கம்ப்யூட்டர் வந்தது. நகல் டிஸ்க் பீரோவுக்குள் போனது.

இன்னும் வராத ஆட்களுக்கு அதன்பிறகு அவளே போன் செய்தாள். “தப்பு என் மேலதாங்க” என்று தொடங்குவாள். சிலர் திட்டினார்கள், திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அச்சு அண்ணன் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து எதிரில் நின்றார்.

“அந்தப் பெட்டி எப்படி இருந்துச்சுன்னு வரஞ்சு காட்டு. நானும் ஒருநா அமுக்கிடக் கூடாதில்ல.”

வரைந்தாள். என்ன எழுதியிருந்தது, எந்த இடத்தில் அழுத்தினாள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் குறித்துக் கொடுத்தாள். அதைப் புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அவர் உள்ளே போய் வேலையைப் பார்த்தார்.