மேனேஜர் சுட்ட ரொட்டி

அடுத்தவர் எழுதியதைச் செப்பனிடும் தொழிலில் வெட்டுவது சுலபம். வெட்டியதை எழுதியவரிடம் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். இதில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் நிபந்தனை

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். துபாயிலிருந்து திரும்பி உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்த காதர் பாய், தன் வெளிநாட்டு வாழ்க்கையை எழுதி, ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாக்கியங்கள் ரொம்ப நீளம், அங்கங்கே நறுக்க வேண்டும் என்றேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்கம்மா. ஆனா நல்லா பண்ணிக் குடுத்துடுங்க."

நாலாம் அத்தியாயம்

பாய் அங்கே ஹோட்டல் மேனேஜர் என்பது ஊரறிந்த செய்தி. நாலாம் அத்தியாயத்தில் அந்த மேனேஜர் நாள் முழுக்க குப்பூஸ் என்னும் அரபு ரொட்டி சுட்டார், அடுப்பில் இடது கையைச் சுட்டுக்கொண்டார், பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். புத்தகத்திலேயே உயிருள்ள பக்கங்கள் அவைதான். மற்றதெல்லாம் கட்டடங்களின் உயரம்.

அதை எடுத்துவிடுங்கள் என்றார். பின்னே ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். எழுத உட்கார்ந்தால் அதுதான் வந்தது என்றார். பெரிய மகளுக்குப் புதுச்சேரியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வீட்டுப் பெண் என்றுதான் பேச்சே ஆரம்பித்திருந்தது.

"உங்களுக்கு அது நல்ல அத்தியாயம். எனக்கு அது பொண்ணு கல்யாணம்மா."

வானம் இருட்டினால்

மழை வரும்போல் இருந்தால், குவித்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். காதர் பாய் என் வீட்டுக்கு வருவார். ஒரு மழைக்கு அத்தியாயத்தை எடுக்கச் சொல்வார், அடுத்த மழைக்குச் சேர்க்கச் சொல்வார். உட்கார மாட்டார். வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பார். அந்த நிலைகொள்ளாமை எனக்கும் தொற்றிக்கொண்டது; மேகத்தைப் பார்த்தாலே எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். அச்சகத்துக்காரர் வேறு அவசரப்படுத்தினார். கடைசியில் பாய் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக, தலையில் பாலிதீன் பையோடு வந்து நின்றார்.

"ரெண்டு விதமா போட்டுடலாம். வெளியூருக்கு அந்த அத்தியாயத்தோட. மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் அது இல்லாம."

வீட்டுப் பிரதி

சொன்னதோடு நிற்காமல், திருத்தத்துக்காக அச்சகத்திலிருந்து வந்திருந்த ப்ரூபிலிருந்து நாலாம் அத்தியாயத்தை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் அவர் மனைவி ஜைபுன்னிசா வந்தார். மூன்றுக்கு அப்புறம் ஐந்து வருகிறதே, நாலு எங்கே என்றார். பாயைக் கேட்காமல் தரக்கூடாது என்று இழுத்தேன். ஒரு கல்யாணமே என் மேசை டிராயருக்குள் இருந்தது.

"ரொட்டி சுட்டதுதானே? மொதல் லீவுல வந்தப்ப, கார் ரேடியேட்டர் தண்ணி பட்டுச்சுன்னு தழும்பக் காட்டினாரு. நானும் சரின்னுட்டேன். அவரு மாவு உருட்டறதப் பாத்தா தெரியாதா?"

சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்றேன்.

"மாப்பிள்ளையோட அத்தாவும் அங்க மேனேஜராத்தான் இருந்தாராம். அவரு எந்த அடுப்புல நின்னாரோ."

டிராயரைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"சேத்துடுங்க, அவர்கிட்ட நான் பேசிக்கறேன். சுட்டுக்கிட்டது இடது கை இல்ல, வலது கை. அத மட்டும் மாத்துங்க."

நாம் எத்தனை ப்ரூப் பார்த்தாலும் கடைசி ப்ரூப் பார்ப்பவர் எழுதியவரின் வீட்டில்தான் இருக்கிறார், முன்னுரையில் அவருக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது.