மடியில் பன்னிரண்டு பிள்ளையார்

டாக்ஸி ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தே எந்த ஊரையும் தெரிந்துகொண்டுவிடுவேன் என்று சொல்லித் திரிகிறவன் நான். ஸ்ரீமுஷ்ணம் போக விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் காரில் ஏறி உட்கார்கிறேன். ஓட்டுநர் செல்வராசு ஒரு தட்டை என் மடியில் வைக்கிறார். அதில் பன்னிரண்டு பிள்ளையார் பொம்மைகள். இன்னும் சுடாத வெள்ளைக் களிமண்.

"எங்க வூட்டுக்காரி செஞ்சது சார். போற வழியில சூளையில குடுத்துடலாம். போன தடவ டிக்கியில வச்சேன், பாதிக்கு மேல தும்பிக்கை ஒடஞ்சிபோச்சு. நாலு நாளு அவ எங்கூட பேசல."

"கவலைய விடுங்க. ஆமா, இந்தப் பக்கம் மழையெல்லாம் எப்படி?"

"சார், கொஞ்சம் பேசாம வாங்க."

"ஏங்க?"

"கைய ஆட்டி ஆட்டிப் பேசுறீங்க."

குனிந்து பார்க்கிறேன். தட்டைப் பிடித்திருக்க வேண்டிய வலது கை காற்றில் நிற்கிறது. மெல்ல இறக்கிக்கொள்கிறேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் எட்டு வாத்தியார்களால் மூட முடியாத வாயை இந்தப் பிள்ளையார்கள் இருபது நிமிடம் மூடிவைக்கிறார்கள்.

சூளை வாசலில் ஒரு பெண் தட்டை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். பன்னிரண்டு தும்பிக்கையும் பத்திரம். செல்வராசு உடனே வீட்டுக்குப் போன் போடுகிறார்.

"ஒண்ணும் ஒடயல. நான் எங்க புடிச்சேன், வண்டியில வந்த சாருதான் மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்புகிறார்.

"சார், எப்பத் திரும்புறீங்கன்னு கேக்குறா. இன்னும் ரெண்டு தட்டு இருக்குதாம்."