காலண்டரில் தொங்கிய முகவரி

விருதுநகரில் மாவட்ட இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலையில் நான் இருந்தபோது, சாத்தூர்ப் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். குட்டையான ஆள், வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை. எந்த அறைக்குள் நுழைந்தாலும், தினசரி காலண்டரில் கிழிக்காமல் விட்ட தாளைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவார். என் அறையிலும் அதையே செய்தார்.

கையில் அவர் கடைக் காலண்டர். சிவகாசியில் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பட்டாசுக் கம்பெனி வேலையாட்களின் பிள்ளைகள் உதவித்தொகைப் படிவம் எடுத்துக்கொள்ளட்டும் என்று, கடைப் பெயருக்குக் கீழே எங்கள் தளத்தின் பழைய முகவரியை அவராகவே போட்டிருந்தார்.

“இதத் தட்டுனா இப்ப ஒண்ணும் வரலையே?”

“புதுத் தளத்துக்கு முகவரியும் புதுசு, அண்ணாச்சி. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.”

“நீங்க மாத்திப்புட்டீக. வீட்டுக்கு வீடு ஆணியில தொங்குதே, அத யாரு மாத்த? படிவம் கெடைக்காதவுக எல்லாம் என்னையத்தான ஏசுறாக!”

பழைய முகவரியைத் தட்டினாலும் புதுத் தளம் திறக்கும்படி அன்றே செய்தேன். அவரே ஒற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

புத்தாண்டில் புதுக் காலண்டரோடு வந்தார். அதிலும் பழைய முகவரிதான்.

“புதுசப் போட்டிருக்கலாமே, அண்ணாச்சி?”

“புதுசப் போட்டா நீங்க மறுபடியும் மாத்திருவீக. இத மாத்த மாட்டீகள்ல?”

அவர் என்னை நம்பினாரா, நம்பவில்லையா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் அங்கே இருந்தவரை அந்தப் பழைய முகவரியில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை.